'எந்த ஊரும்மா?' என்ற கேள்விக்கு நான் எடுத்த பயிற்சி

பி.எட். இரண்டாம் ஆண்டு முடியப் போகும் நேரத்தில், நேர்முகத் தேர்வை எப்படி எதிர்கொள்வது என்று எங்கள் கல்லூரியில் ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். காட்டன் புடவையை நன்றாகப் பின் பண்ணிக் கட்டுங்கள். கதவருகே நின்று அனுமதி கேட்டு உள்ளே போங்கள். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். சான்றிதழ்களை வரிசையாக ஃபைலில் வையுங்கள். டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னால் கரும்பலகையை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கடைசியில், அடிக்கடி கேட்கப்படும் 20 கேள்விகள் என்று ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார்கள்.

அன்று இரவே விடுதி மொட்டை மாடியில் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். நாங்கள் தங்கியிருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி. 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நாங்கள் நான்கு பேர். ஒருத்தி தாளாளர், ஒருத்தி தலைமையாசிரியர், ஒருத்தி பாட வல்லுநர். மீதி இருப்பவள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்வோம்.

முதல் நாள் நான் மூன்று இடத்தில் திணறினேன். மெல்லக் கற்கும் மாணவர்களை எப்படிக் கையாள்வீர்கள் என்று கேட்டபோது ரெக்கார்டு நோட்டில் எழுதியது எதுவும் நினைவுக்கு வரவில்லை. விகிதத்தையும் விகிதச் சமத்தையும் ஏழாம் வகுப்புக்கு எப்படித் தொடங்குவீர்கள் என்றபோது உளறினேன். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்ற எளிய கேள்விக்கே முழுசாக ஒரு வாக்கியம் வரவில்லை.

பிறகு தாளாளராக இருந்தவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"விழுப்புரம் சார்."

"விழுப்புரத்துலயேவா?"

"பக்கத்துல சார்."

"பக்கத்துலன்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க நமக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேரு இருக்காங்களே. ஊர்ல எந்தப் பக்கம்?"

"மெயின் ரோட்டு மேலயே சார். பஸ் ஸ்டாப்பு பக்கத்துல."

மூன்று பேரும் கைதட்டினார்கள். "இதுக்கு மட்டும் எப்படிடி திக்காம சொல்ற?" என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். கீழே போய்ப் படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. இதற்கு மட்டும் எப்படித் திக்காமல் சொன்னேன்?

பதில் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பி.எட். பாடத்தை நான் இரண்டு ஆண்டுகளாகத்தான் படிக்கிறேன். ஊரைப் பற்றிய பதிலை ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறேன். டியூஷன் வீட்டில், பேருந்தில், கல்லூரிச் சேர்க்கையில், தோழியின் வீட்டு விசேஷத்தில் என்று எங்கெல்லாமோ இதற்குத் தேர்வு எழுதியிருக்கிறேன். எங்கள் தெரு பஸ் ஸ்டாப்பிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

ஊர் கேட்பது நம் பண்பாடு, இதில் என்ன சாதி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் நாமும்தான் ஊர் கேட்கிறோம். ஆனால் அந்த உரையாடல் ஊர்ப் பெயரோடு முடிந்துவிடும். நேர்முகத் தேர்வில் அது முடிவதில்லை. ஊருக்குப் பிறகு தெரு, தெருவுக்குப் பிறகு அப்பாவின் பெயர், அப்பாவின் பெயருக்குப் பிறகு அவருடைய வேலை, அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் குலதெய்வம். இத்தனைக்கும் எங்கள் முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது. அந்த விண்ணப்பம் அவர்கள் முன்னால் மேசைமேல் கிடக்கிறது. அதைப் படித்த பிறகும் ஒருவர் எந்தப் பக்கம் என்று கேட்டால், அவர் திசையை விசாரிக்கவில்லை.

2025 ஏப்ரலில், காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அதை வரவேற்கிறேன். அந்தச் சொல்லை ஆதார் அட்டையில் சுமந்து திரிந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால் சொல்லை நீக்கினால் கேட்கிறவரின் ஆர்வம் நீங்கிவிடாது. ஊரா, காலனியா என்று கேட்டவர் நாளை மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்பார்.

இதை முதலில் அனுபவித்தது எங்கள் தலைமுறை இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன் வரலாற்று நூலில், கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்களோடு பழகினால் சாதி தெரிந்துவிடுமே என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வகுப்புக்கு வெளியே எங்காவது இருந்து படித்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் யாரோடும் பேச நிற்காமல் வீட்டுக்கு நடந்திருக்கிறார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து உரிமை கேட்ட மனிதர், மாணவப் பருவத்தில் கழித்த நாட்கள் அவை.

மறைக்காதவர்களுக்கு மட்டும் நல்லது நடந்ததா? 1918இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள்.

மறைத்தால் பயத்தோடு வாழ வேண்டும். மறைக்காவிட்டால் பானை தனியாகிவிடும். அதனால் மறைப்பதா, சொல்வதா என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் எங்களிடமே கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் நான் தாளாளர். ஜெராக்ஸ் தாளில் இருந்த வரிசைப்படி கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாவது கேள்வி குடும்பப் பின்னணி. எதிரில் இருந்த தோழியிடம், கொஞ்சம் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்டேன். அவள் பேசவில்லை. நடிப்பு என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். "நகராட்சில வேலை" என்றாள். "நகராட்சில என்ன வேலை?" என்று நான் விடாமல் கேட்டேன். நிஜத் தாளாளர்கள் இப்படித்தான் குடைவார்கள், பழகிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டாள். அவள் அப்பா தூய்மைப் பணியாளர். அது எனக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளாக ஒரே அறை. பட்டியல் சாதிக்குள்ளேயே அவளுக்கு மேலே என் சாதியை வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அவளை அவமானப்படுத்த நினைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளைக் கையில் வாங்கியதும், எந்தக் கேள்வி என்னைக் கூனிக் குறுக வைக்குமோ அதையே இன்னொருத்தியிடம் கேட்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ கேட்டது தப்புன்னு இல்லடி. எங்கப்பா வேலையச் சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல. சொன்னதுக்கப்புறம் கேக்குறவங்க மொகம் மாறும் பாரு, அதத்தான் பாக்க முடியல."

அந்த முகம் மாறுவதற்கு எந்த நேர்முகத் தேர்விலும் மதிப்பெண் பதிவேடு கிடையாது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு வேலை மறுப்பதைக் குற்றம் என்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் திருத்தத்துக்குப் பிறகு அதைக் குற்றம் என்கிறது. ஆனால், "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்ற வாக்கியத்தின்மீது எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? காரணத்தை எழுத வேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தில், சாதிதான் காரணம் என்று நிரூபிக்க என்ன சான்று கிடைக்கும்?

அரசும்தான் சாதிச் சான்றிதழ் கேட்கிறது, அது மட்டும் சரியா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைக்கிறது, சான்றிதழ் சரிபார்க்கிறது. 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அங்கே நான் என் சாதிச் சான்றிதழைத் தலைநிமிர்ந்து நீட்டுவேன். அது என்னை உள்ளே சேர்ப்பதற்காகக் கேட்கப்படுகிறது. எதற்குக் கேட்கிறார்கள் என்பது தாளில் எழுதியிருக்கிறது. என் கட்ஆஃப் என்ன, என் வரிசை எண் என்ன என்பதை நான் சரிபார்த்துக்கொள்ளலாம். தனியார் பள்ளி அறையில் அதே தகவலைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். எதற்கு என்று சொல்வதில்லை. என்ன செய்தார்கள் என்றும் தெரிவதில்லை.

இதனால்தான் எனக்கு எழுத்துத் தேர்வின் கடினத்தைவிட நேர்முகத் தேர்வின் இனிமை பயமாக இருக்கிறது. ஆனால் அரசுப் பணி அறிவிப்பு எப்போதாவதுதான் வருகிறது. அதுவரை எங்களில் பலருக்குச் சோறு போடப்போவது தனியார் பள்ளிதான். அரசு நிதியுதவி பெறாத தனியார் பள்ளிகளில் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடு இல்லை. உதவிபெறும் பள்ளிகளில் சம்பளம் மக்கள் வரிப்பணத்திலிருந்து போகிறது, ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம்.

பாதிப்பு எங்களோடு நின்றிருந்தால்கூட இதைக் கட்டுரையாக எழுதியிருக்க மாட்டேன். வழக்கம்போல மாடியில் பேசிச் சிரித்திருப்போம். பாதிப்பு வகுப்பறைக்குப் போகிறது. அதைக் கற்பித்தல் பயிற்சியில் நேரில் பார்த்தேன்.

பி.எட். இரண்டாண்டுப் படிப்பான பிறகு, பள்ளிகளில் 20 வாரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கு ஒதுக்கப்பட்ட பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் முதல் நாளே ஊர் விசாரணை நடந்தது. வழக்கமான பதிலைச் சொல்லித் தப்பித்தேன். மூன்றாவது வாரம், எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கவனித்துக்கொண்டிருந்தேன். வகுப்பாசிரியர் ஒரு தாளோடு வந்து, "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்திரிங்க" என்றார். ஒன்பது பேர் எழுந்தார்கள். ஒரு பெண் எழவில்லை. "ஏய், நீயும்தானே? எழுந்திரு" என்றார். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் எழுந்து மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பணம் வர வேண்டும் என்று விடுமுறை நாளிலும் விண்ணப்பம் நிரப்பியவர். பட்டியலை அலுவலகத்திலிருந்தே எடுத்திருக்கலாம், ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டிருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் மெதுவாக, "மேடம், அடுத்த தடவை லிஸ்ட நான் ஆபீஸ்ல வாங்கித் தரேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், இவளுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு கேள்வி வருமே என்று பயந்தேன். எட்டாம் வகுப்பில் நானும் அப்படி எழுந்து நின்றவள்தான். அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன்.

சாதியை மறைத்து உள்ளே வரும் ஆசிரியர், அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வகுப்பில் அவரை நம்பியிருக்கும் குழந்தைக்கு அவர் இருந்தும் இல்லாதவர் ஆகிறார். எந்த ஊரும்மா என்ற கேள்வி வேலைக்கு வரும் ஆளை மட்டும் வடிகட்டுவதில்லை. உள்ளே வந்தவரின் குரலையும் வடிகட்டிவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைகளில் வண்ணக் கயிறு கட்டத் தடை என்ற பரிந்துரையைப் பிடித்துக்கொண்டுதான் தொலைக்காட்சிகளில் சண்டை போட்டார்கள். வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதியைக் காட்டும் விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஒரு பகுதியில் எந்தச் சாதி பெரும்பான்மையோ அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ போடக் கூடாது என்றும் சொல்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான இன்னொரு பரிந்துரையும் இருக்கிறது. ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது சமூகநீதி குறித்த அவர்களுடைய மனப்பான்மையையும் அறிய வேண்டும் என்பது அது.

இந்தப் பரிந்துரையை அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமானது என்று ஒதுக்காமல், எல்லாப் பள்ளிகளின் நேர்முகத் தேர்வுக்கும் கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் வாதம். ஆசிரியராக வருகிறவரிடம் சாதியைப் பற்றிக் கேளுங்கள். நிச்சயமாகக் கேளுங்கள். அவருடைய சாதி என்ன என்று கேட்காதீர்கள். சாதியை வகுப்பறையில் பார்த்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அதற்கு அடிபணிந்து அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. நாளை உங்கள் பள்ளியில் ஒரு மாணவன் அந்தச் சாப்பாடு வேண்டாம் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்? கழிப்பறையைக் கழுவ எந்த மாணவரை அனுப்புவீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கபடி அணியை மாணவர்களே தெரு வாரியாகப் பிரித்துக்கொண்டு வந்தால்? கட்டுரை நோட்டின் அட்டையில் ஒருவன் சாதித் தலைவர் படம் ஒட்டியிருந்தால்?

ஜெராக்ஸ் தாளில் இருந்த 20 கேள்விகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் நாங்கள் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இந்தக் கேள்விகளை எழுதிப் பயிற்சி எடுத்தோம். நால்வரும் திணறினோம். சாப்பாட்டுக் கேள்விக்கு நான், "அவனோட அப்பா அம்மாவக் கூப்பிட்டுப் பேசுவேன்" என்றேன். நகராட்சித் தொழிலாளியின் மகளான தோழி மடக்கினாள். "அப்பா அம்மா சொல்லித்தானே அவன் வேணாங்கிறான்? அவங்க வர்ற வரைக்கும் அந்தச் சமையக்காரம்மா மொகத்த யாரு பாக்குறது?" ஒரு கேள்விக்கே ஒரு மணி நேரம் போனது. முதலில் அந்த அம்மா சமைத்ததை எல்லா ஆசிரியரும் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். பி.எட். படிப்பில் நான் கலந்துகொண்ட மிகச் சிறந்த வகுப்பு அதுதான் என்று தோன்றியது. எங்களுக்கே இவ்வளவு திணறல் என்றால், இந்தக் கேள்வியைச் சந்திக்கவே தேவையில்லாத வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்?

ஆகவே கேட்பது இவைதான். ஊர், தெரு, பெற்றோரின் தொழில், குலதெய்வம் ஆகியவை பற்றிய கேள்விகளைப் பள்ளி நேர்முகத் தேர்வுகளில் கேட்கக் கூடாது என்று கல்வித்துறை எழுத்தில் ஆணையிட வேண்டும். பாட அறிவு, டெமோ கிளாஸ், வகுப்பறைச் சமூகநீதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, கேட்கும் விண்ணப்பதாரருக்கு அதைக் காட்ட வேண்டும். அரசிடம் சம்பளம் வாங்கும் பள்ளிகளிலாவது இதை உடனே கட்டாயமாக்க வேண்டும். கல்வியியல் கல்லூரிகள் தங்கள் மாதிரி நேர்முகத் தேர்வுத் தாளிலிருந்து இரண்டாம் கேள்வியை அடிக்க வேண்டும். குடும்பப் பின்னணியை நன்றாகச் சொல்லப் பழக்குவது எங்களுக்குப் பயிற்சி இல்லை, அவர்களுக்குத்தான் வசதி.

பி.எட். படிக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்தக் கேள்வி உறுத்தலாக இருந்ததே இல்லையென்றால், ஊரும் தெருவும் சொன்னதும் உங்களுக்கு ஒரு டீ வந்திருக்கலாம். அடுத்த முறை, "சார், இது இந்த வேலைக்கு எப்படித் தொடர்புடையதுன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று நீங்கள் கேளுங்கள். நாங்கள் கேட்டால் திமிர் என்பார்கள். நீங்கள் கேட்டால் யோசிப்பார்கள்.

எனக்கு அடுத்த வாரம் ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வு இருக்கிறது. மெயின் ரோடு, பஸ் ஸ்டாப்பு என்று சொல்லப் போவதில்லை என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெரு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருப்பதாகச் சொல்வேன். அதனால் வேலை போனாலும் போகலாம். எங்கள் வீட்டில் இந்த மாதமே சம்பளம் தேவைப்படுகிறது என்பதால் இதை வீரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. எழுந்து நிற்கத் தயங்கிய அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தானே இந்த வேலைக்குப் போகிறேன்? அவள் முன்னால் மறுபடியும் ஊமையாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

விகிதத்தை எப்படித் தொடங்குவது என்று இப்போது திக்காமல் சொல்வேன். அதைக் கேட்கிறார்களா என்று பார்க்கலாம்.